பென்குவினும் பெயரும்

சின்னங்களுக்குச் சரித்திரம் உண்டு என்பதை யாரும் நம்ப விரும்புவதில்லை. கொடி, முத்திரை, கம்பெனி மார்க் எல்லாமே எப்போதும் இருந்தவை போல நம் முன் வந்து நிற்கின்றன. வரைந்த கை மறைக்கப்பட்டிருக்கிறது. இந்த மறைப்பு தற்செயலாக நேர்வதில்லை. சின்னத்தின் அதிகாரம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. இதற்கு விலக்காக, வரைந்தவரின் பெயர், வருஷம், கருவி, அதற்கு முன் நடந்த சர்ச்சை எல்லாமே வெட்டவெளியில் கிடக்கிற ஒரு படம் உண்டு. லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் இயங்குதளத்தின் பென்குவின். பெயர் டக்ஸ். இலக்கியப் பத்திரிகையில் இதற்கென்ன வேலை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சிருஷ்டி யாருக்குச் சொந்தம் என்று நாம் சில பேர் பல வருஷங்களாக நமக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். அந்தக் கேள்வி இந்தப் படத்தின் விஷயத்தில் சட்டமாகவும் பணமாகவும் நடைமுறைக்கு வந்து, ஒருவிதமான பதிலையும் கொடுத்திருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ என்ற திட்டத்தை அறிவித்தார். ஒரு புரோகிராமைப் பெறுகிறவனுக்கு அதன் மூலத்தைப் படிக்கவும், மாற்றவும், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1989-ல் இதைச் சட்ட பாஷையில் ஓர் உரிமப் பத்திரமாகவும் எழுதினார். 1991 ஆகஸ்டில் ஹெல்ஸிங்கி பல்கலைக்கழகத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், வயது 21, பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக மற்றவர்களுக்குத் தெரிவித்தார். 1992-ல் அது ஸ்டால்மனின் உரிமத்தின் கீழ் வந்தது. உலகெங்கும் முகம் தெரியாத பலர் அதில் எழுத ஆரம்பித்தார்கள். ‘ஓப்பன் ஸோர்ஸ்’ என்ற சொல் 1998-ல்தான் பிறந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1996-ல் இந்தக் காரியத்துக்கு முகமும் இல்லை, நிச்சயமான பெயரும் இல்லை.

அந்த வருஷம் லினக்ஸின் இரண்டாம் பதிப்பு வெளிவர இருந்த சமயத்தில், அதை எழுதுகிறவர்களுக்கிடையே நடந்த மின்கடிதப் போக்குவரத்தில் சின்னம் பற்றிய பேச்சு எழுந்தது. கழுகு, சுறா என்று வீரப் பிராணிகளைச் சொன்னார்கள். எதிர்பார்க்கக்கூடியதுதான். அதிகாரம் இல்லாதவர்கள் தங்களுக்கு ஒரு சின்னம் வேண்டும் என்று நினைக்கும்போது, அதிகாரம் உள்ளவர்கள் கொடியில் வைத்திருக்கிற மிருகங்கள்தான் முதலில் அவர்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. ஆலன் காக்ஸ் என்பவர் பென்குவின் என்று ஒரு வார்த்தை சொன்னார். டோர்வால்ட்ஸுக்குப் பென்குவின்கள் மேல் ஏற்கனவே ஒரு பிரியம். கான்பெராவில் ஒரு மிருகக்காட்சிசாலையில் ஒரு சின்னப் பென்குவின் அவர் விரலைக் கொத்தியதாக ஒரு கதையும் உண்டு. அவரே சொல்லிப் பரப்பிய கதை.

நமக்கு முக்கியமானது அவர் 1996 மே மாதம் எழுதிய கடிதம். அவர் சித்திரக்காரர் அல்ல. வேண்டியதைச் சொற்களால் சொன்னார். வயிறு முட்ட மீன் தின்றுவிட்டு, ஏப்பம் விட்டு, உலகத்தோடு சமாதானமாக உட்கார்ந்திருக்கும், கொஞ்சம் சதை போட்ட பென்குவின். தூரிகைக் கோடு போலக் கனமும் மெலிவுமாக ஓடுகிற எளிய கோட்டில் அது இருக்க வேண்டும். வீராப்புத் தோற்றம் வேண்டவே வேண்டாம். வர்ணனை முழுவதிலும் ஓர் இடத்தில்கூட ‘வேகம்’, ‘சக்தி’, ‘எதிர்காலம்’ என்ற விளம்பரச் சொற்கள் இல்லை. இருப்பது ஓர் உடல்நிலை: சாப்பிட்ட பிறகு வருகிற திருப்தி. கம்ப்யூட்டருக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் அனுபவத்தை அவர் படிமமாகப் பிடித்துக்கொண்டார். கவிதை எழுதுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். கருத்தை உருவகமாக மொழிபெயர்க்கிறவன் கழுகை வரைவான்.

வரைந்தவர் லாரி யூவிங். டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். படம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. ஒரு பென்குவின் பொம்மையின் படத்தை டோர்வால்ட்ஸ் எங்கோ பார்த்திருந்தார். அது நிக் பார்க்கின் களிமண் பாத்திரங்களின் ஜாடையில் இருந்தது. அந்த ஜாடை யூவிங்கின் படத்திலும் தங்கியிருக்கிறது. ஆனால் உட்கார்ந்த தோரணை, முன்னால் நீட்டிய பெரிய பாதங்கள், வாத்துக்கு உரிய மஞ்சள் அலகு, பாதி தூக்கம் தெரிகிற கண்கள் எல்லாம் சேர்ந்து எந்த இனத்துப் பென்குவினும் அல்லாத ஒரு ஜீவனாக ஆகிவிட்டது. ஜேம்ஸ் ஹ்யூஸ் என்பவர் அதற்கு டக்ஸ் என்று பெயர் வைத்தார். டோர்வால்ட்ஸ், யூனிக்ஸ் என்ற இரண்டு பெயர்களிலிருந்து எழுத்துகளை எடுத்துக் கோத்த பெயர். டக்ஸீடோ என்ற கறுப்பு வெள்ளை உடுப்பும் அதில் ஒலிக்கிறது.

கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது கிம்ப் என்ற புரோகிராம். பெர்க்லியில் ஸ்பென்ஸர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் 1995-ல் எழுதத் தொடங்கி, 1996 ஆரம்பத்தில் வெளியிட்டது. அதன் 0.54-ம் பதிப்பில் இந்தப் படம் வரையப்பட்டது. சுதந்திர மென்பொருளின் சின்னம் சுதந்திர மென்பொருளால் வரையப்பட்டது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். முழு உண்மை அவ்வளவு அழகாக இல்லை. அந்தப் பதிப்பு தன் ஜன்னல்களையும் பொத்தான்களையும் வரைந்துகொள்ள மோட்டிஃப் என்ற, அப்போது விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்த ஒரு கருவித்தொகுப்பை நம்பியிருந்தது. அதிலிருந்து விடுபடுவதற்காக மாட்டிஸ் புதிதாக எழுத ஆரம்பித்ததுதான் ஜிடிகே. 1997-ல் தொடங்கிய நோம் என்ற மேஜைத்திரைத் திட்டம் முழுவதும் பிறகு அதன் மேல்தான் கட்டப்பட்டது. ஆக, டக்ஸ் வரையப்பட்ட வேளையில் விடுதலை பாதியில் நின்றுகொண்டிருந்தது. எல்லா விடுதலைகளின் நிலையும் இதுதான் போலும்.

பிறகு லினக்ஸின் அதிகாரபூர்வமான சின்னத்துக்கு மூன்று போட்டிகள் நடந்தன. டக்ஸ் மூன்றில் ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. போட்டிகளில் ஜெயித்த படங்கள் இன்று யாருக்கும் ஞாபகமில்லை, தோற்றது நிலைத்தது. ஓட்டுப் போட்டுக் கலையைத் தீர்மானிக்க முடியாது என்று இதிலிருந்து ஒரு முடிவுக்குத் தாவ என் நண்பர்கள் சிலர் துடிப்பார்கள். அவர்களை நிறுத்தி வைக்க விரும்புகிறேன். 1999-ல் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு ராவுல் ஸில்வா வரைந்த சிவப்புச் சுழியை ஓட்டெடுப்பில்தான் தேர்ந்தெடுத்தது. அந்தச் சுழி நிலைத்து நிற்கிறது. டக்ஸை நிலைநிறுத்தியது யூவிங் சொன்ன நிபந்தனை என்பது என் கட்சி. யாரும் இந்தப் படத்தை எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம். யாராவது கேட்டால் என் பெயரையும் கிம்ப்பையும் சொல்லுங்கள். இவ்வளவுதான்.

‘யாராவது கேட்டால்’ என்ற சொற்களை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பிழைப்புக்கு நான் வங்கியில் குமாஸ்தா. செக்கில் உள்ள கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் அன்றாட வேலைகளில் ஒன்று. ஒரு சுழிப்பு மாறினால் பணம் கிடையாது. வங்கிக்குக் கையெழுத்து என்பது மாறக்கூடாதது. மாறாமல் இருப்பதாலேயே மதிப்புள்ளது. கம்பெனி மார்க்கும் இதே ஜாதி. ‘இந்தச் சரக்கு நான் செய்ததுதான்’ என்று உத்தரவாதம் தருவது அதன் வேலை. எவனும் மாற்றலாம் என்றால் உத்தரவாதம் போய்விடும். ஆனால் எவனும் மாற்றலாம் என்பதுதான் சுதந்திர மென்பொருளின் ஆதார விதி. இந்த இரண்டும் ஒரே உறையில் இருக்க முடியாது. திறந்த திட்டம் ஒவ்வொன்றும் தனக்கு ஒரு முகம் வேண்டும் என்று நினைக்கிற கணத்தில் இந்த முரண்பாட்டில் கால் வைக்கிறது.

உதாரணங்கள் உண்டு. பிஎஸ்டி யூனிக்ஸின் குட்டிச்சாத்தான் டக்ஸுக்கு மூத்தது. 1988-ல் ஜான் லாஸெட்டர் வரைந்த அதன் பிரபலமான வடிவத்தின் காப்புரிமை கிர்க் மக்குஸிக் என்ற தனிமனிதரிடம் இருந்தது. அவர் அனுமதியோடுதான் பயன்படுத்தலாம். ஃப்ரீபிஎஸ்டி 2005-ல் போட்டி வைத்துப் புதிய சின்னம் தேடிக்கொண்டது. இதைவிடக் கூர்மையான சம்பவம் 2006-ல் நடந்தது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் மூலம் முழுவதும் சுதந்திரமானது. பூமியைச் சுற்றிப் படுத்திருக்கும் நெருப்பு நரியின் படம் அப்படி அல்ல. படத்தை மாற்றவும் பரப்பவும் அனுமதி இல்லாததால் டெபியன் அதை நீக்கி, பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருந்தது. படம் இல்லாமல் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்றது மொஸில்லா. டெபியன் பெயரையும் விட்டுவிட்டு ‘ஐஸ்வீஸல்’ என்று வேறு பெயர் சூட்டியது. நெருப்புக்குப் பனி, நரிக்கு மரநாய். லட்சக்கணக்கான வரிகளைக் கொடுக்க முடிந்தவர்களுக்கு ஒரு சிறு படத்தைக் கொடுக்க முடியவில்லை. 2016-ல்தான் சமாதானம் ஏற்பட்டது. டெபியனையும் இங்கே புனிதராக்க வேண்டியதில்லை. அதன் சொந்தச் சுழியின் உரிமமே 2012 வரை அது பிறருக்கு வகுத்த விதிகளுக்குள் சரியாக அடங்காமல்தான் இருந்தது.

டக்ஸ் மட்டும் எப்படித் தப்பியது? இதற்கு நான் காணும் விடை உற்சாகம் தருவதல்ல. லினக்ஸுடன் சம்பந்தமில்லாத ஒருவர் அமெரிக்காவில் ‘லினக்ஸ்’ என்ற பெயரைத் தன் வர்த்தகக் குறியாகப் பதிவு செய்துகொண்டு, 1996-ல் கம்பெனிகளிடம் பணம் கேட்க ஆரம்பித்தார். வழக்கு நடந்து, 1997-ல் அந்தப் பெயர் டோர்வால்ட்ஸுக்கு உரியதாக மாற்றப்பட்டது. ஆக, லினக்ஸ் என்ற பெயருக்குச் சொந்தக்காரர் உண்டு; காவலும் உண்டு. உத்தரவாதம் தருகிற பாரத்தைப் பெயர் சுமந்துகொண்டது. அதனால்தான் படம் சும்மா இருக்க முடிந்தது. பென்குவினின் சுதந்திரத்துக்கு விலை கொடுத்தது பெயர். உடைமையே இல்லாத ஓர் இடத்தை யாரும் உண்டாக்கிவிடவில்லை. உடைமை வேறு மூலையில் போய் நின்றுகொண்டது. இதைச் சொல்லாமல் டக்ஸைக் கொண்டாடுகிற எழுத்துகள் பாதிச் சரித்திரம்தான்.

அந்தச் சுதந்திரத்தில் என்ன நடந்தது என்பதும் பார்க்கத் தக்கது. 2001-ல் ஐபிஎம் நிறுவனம் லினக்ஸில் 100 கோடி டாலர் முதலீடு என்று அறிவித்திருந்த வேகத்தில், சான் பிரான்ஸிஸ்கோ, சிகாகோ நகரங்களின் நடைபாதைகளில் சமாதானக் குறி, இதயம், பென்குவின் மூன்றையும் சாயமடித்து விளம்பரம் செய்தது. அதற்காக சான் பிரான்ஸிஸ்கோ நகரசபைக்கு அபராதம் கட்ட வேண்டியதாயிற்று. படத்துக்கு அனுமதி தேவையில்லை, நடைபாதைக்குத் தேவை! வயிறு நிறைந்து உட்கார்ந்திருந்த பிராணியை ஒரு ராட்சத ஸ்தாபனம் தெருப்போராளி வேஷத்தில் உபயோகித்தது. யூவிங்கின் நிபந்தனையில் இதைத் தடுக்க ஒன்றும் இல்லை. கொடுத்தவன் பிறகு கேட்க முடியாது என்பதுதான் கொடுப்பதன் அர்த்தம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. லினக்ஸின் மூலத்துக்குள்ளேயே டக்ஸ் ஒரு கோப்பாக இருக்கிறது. 80-க்கு 80 புள்ளிகள், 224 நிறங்கள். 6,400 புள்ளிகளுக்கும் மும்மூன்று எண்களாக, யாரும் திறந்து படிக்கக்கூடிய எண் வரிசை. இயந்திரம் துவங்கும்போது, அதில் எத்தனை செயலிகள் உண்டோ அத்தனை பென்குவின்கள் திரையின் மேல் வரிசையாக உட்காரும். 2009-ல் ஒரு பதிப்பில் மட்டும் டக்ஸ் விலகி, அலகு மாட்டிக்கொண்ட டாஸ்மேனியன் டெவில் ஒன்று வந்தது. முகப்புற்று நோயால் அழிந்துவரும் அந்தப் பிராணிக்காக, ஹோபார்ட்டில் நடந்த லினக்ஸ் மாநாட்டை ஒட்டிச் செய்த காரியம். அடுத்த பதிப்பில் பென்குவின் திரும்பிவிட்டது. காவல் உள்ள கம்பெனி மார்க் எதுவும் இப்படி இடம் விட்டுக்கொடுத்திருக்காது.

ஆனால் அந்த எண் வரிசையைப் படத்தின் ‘மூலம்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாற்றம் செய்ய எந்த வடிவம் மிகவும் உகந்ததோ அதுதான் மூலம் என்கிறது ஸ்டால்மனின் உரிமப் பத்திரம். அருமையான வரையறை. புரோகிராமுக்கு அது பொருந்துகிறது. 19,200 எண்களை வைத்துக்கொண்டு ஒருவன் அந்த வயிற்றின் வளைவை மாற்ற முடியுமா? அதற்கு அவன் படத்தைப் பார்க்க வேண்டும். அவனுக்கும் ஒரு கண் வேண்டும். புள்ளிகளாக இருந்த டக்ஸைப் பெரிதாக்கினால் சிதைந்துபோகும் என்பதால், பின்னால் வந்தவர்கள் வளைகோடுகளாக மீண்டும் வரைந்தார்கள். பிரதி எடுக்கவில்லை, திரும்ப வரைந்தார்கள். மூலம் திறந்திருந்தாலும் அவரவர் கை அவரவருக்குத் தேவைப்பட்டது.

கலைஞனின் தனித்துவமே எல்லாம் என்று ஒரு சாராரும், கலை மக்கள் சொத்து என்று இன்னொரு சாராரும் நம்மிடையே மாறி மாறி எழுதிவருகிறார்கள். டக்ஸ் இருவருக்கும் உதவாது. ஒருவர் வார்த்தை சொன்னார், ஒருவர் வர்ணித்தார், ஒருவர் வரைந்தார், ஒருவர் பெயரிட்டார். கூட்டம் வரையவில்லை; வரைந்தது ஒரு கைதான். ஆனால் அந்தக் கை வரைந்து முடித்ததும் விலகிக்கொண்டது. விலகும்போதும் பெயரை அழித்துக்கொள்ளாமல், கேட்பவர்களுக்காக அங்கே விட்டுவைத்தது. பெயர் தெரியாத நாட்டுப்புறக் கலைஞனின் நிலையும் இது அல்ல, கையெழுத்தை முதலாக வைத்துப் பிழைக்கிற நவீன ஓவியனின் நிலையும் அல்ல. இரண்டுக்கும் நடுவே இப்படி ஓர் இடம் சாத்தியம் என்பதே எனக்கு இந்தச் சரித்திரத்தில் விஷயம்.

உலகத்தில் கோடிக்கணக்கான திரைகளிலும் சட்டைகளிலும் ஒட்டுத்தாள்களிலும் அந்தப் பென்குவின் இருக்கிறது. யார் வரைந்தது என்று கேட்கிறவர்கள் சிலரே. என்னையும் யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்: லாரி யூவிங், கிம்ப் கொண்டு, 1996-ல்.