கடிகாரம் சாட்சி

பேசத் தெரியாதவனிடம் எப்படி வாக்குமூலம் வாங்குவது? போலீஸ்காரர்களுக்கு இந்தச் சங்கடம் எப்போதாவது ஒரு முறைதான் வரும். குழந்தை மனத்தை ஆராயப் புறப்பட்டவர்களுக்கோ தொடங்கிய நாளிலிருந்தே இதுதான் சங்கடம். பெரியவர்களிடம், "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டுவிடலாம். வருகிற பதில் பொய்யாக இருந்தாலும் பதில் என்று ஒன்று கையில் இருக்கும். இரண்டு வயதுக் குழந்தையிடம் கேட்டால் அது பொம்மையை நீட்டும். இல்லாவிட்டால் திரும்பிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கும்.

ஆகவே பார்ப்பது ஒன்றுதான் வழி. ஆனால் யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது, பார்த்ததை மற்றவர்கள் எப்படி நம்புவது? குழந்தை மனோதத்துவத்தின் சரித்திரம் முழுவதும் இந்த மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் பார்த்தவர்கள் தகப்பனார்கள். 1839 டிசம்பரில் சார்லஸ் டார்வினுக்கு மூத்த மகன் பிறந்தான். கடல் கடந்து போய்ப் பல்லியையும் ஆமையையும் பார்த்து எழுதிய அதே கையால் டார்வின் தொட்டிலில் கிடந்த மகனைப் பற்றியும் குறிப்பு எழுத ஆரம்பித்தார். எப்போது தும்மினான், எப்போது கோபித்தான், எப்போது கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்தான் என்றெல்லாம் எழுதினார். பையனுக்கு இரண்டரை வயது கடந்த பிறகு ஒரு நாள் சாப்பாட்டு அறையிலிருந்து கண்கள் பளபளக்க ஒரு தினுசாக வெளியே வந்தானாம். உள்ளே போய்ப் பார்த்தால் சர்க்கரையில் கை வைத்திருக்கிறான். இந்தத் திருட்டு முழியையும் டார்வின் பதிவு செய்துவிட்டார். குறிப்புகளை 37 ஆண்டுகள் பெட்டியில் வைத்திருந்து, ஒரு பிரெஞ்சு அறிஞர் தம் பெண் குழந்தையைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகுதான், 1877-இல் 'மைண்ட்' என்ற பத்திரிகையில் வெளியிட்டார். ஐந்து ஆண்டுகள் கழித்து ஜெர்மனியில் யேனா நகரத்துப் பேராசிரியர் பிரையர், தம் மகனை மூன்று ஆண்டுகள் தினம் மூன்று வேளை பார்த்து எழுதிய பெரிய புத்தகத்தை வெளியிட்டார்.

இவை படிக்க இனிமையானவை. ஆனால் பெற்ற தகப்பன் கண் சாட்சிக் கண் ஆகுமா? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. தவிர, ஒரு வீட்டில் ஒரு குழந்தை செய்ததை வைத்துக்கொண்டு உலகத்துக் குழந்தைகளெல்லாம் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது.

அதனால் அடுத்து வந்தவர்கள் சோதனைச் சாலையைத் திறந்தார்கள். அமெரிக்காவில் ஜான் வாட்ஸன் என்பவர் 1920-இல் வெளியிட்ட சோதனை ஒன்று பிரசித்தம். ஒன்பது மாதக் குழந்தை ஆல்பர்ட்டுக்கு வெள்ளெலியைக் காட்டினார், அது பயப்படவில்லை. பதினோரு மாதமானபோது, அது எலியைத் தொடும் சமயம் பார்த்துப் பின்னாலிருந்து இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்துப் பெரும் சத்தம் உண்டாக்கினார். சில முறை இப்படிச் செய்ததும் எலியைக் கண்டாலே குழந்தை அலறியது. பிறகு முயலைக் கண்டும், நாயைக் கண்டும், ரோமக் கோட்டைக் கண்டும் அலறியது. பயங்கள் பல பிறவியில் வருவதில்லை, பழக்கத்தில் வருபவை என்று வாட்ஸன் வாதித்தார். ஊட்டிய பயத்தை எடுப்பதற்குள் குழந்தை அந்த இடத்தைவிட்டுப் போய்விட்டது. அதே வாட்ஸன் பின்னால் விளம்பரக் கம்பெனியில் சேர்ந்து, 1928-இல் தாய்மார்களுக்கு ஒரு புத்தகமும் எழுதினார். குழந்தையை அணைக்காதே, முத்தமிடாதே, காலையில் கை குலுக்கு, போதும் என்பது அவர் உபதேசம். சுத்தியல் எடுத்தவர் சொல்வதற்குப் பொருத்தமான உபதேசந்தான். அந்தப் புத்தகம் மளமளவென்று விற்றது.

அந்தக் காலத்துக் காற்று அப்படி. அந்தக் காற்று ஆஸ்பத்திரிகளிலும் வீசியது. 1949-இல் லண்டன் ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளைப் பெற்றோர் பார்க்க அனுமதிக்கும் நேரங்களை ஒருவர் தொகுத்தார். கய்ஸ் ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணி முதல் நான்கு வரை. லண்டன் ஆஸ்பத்திரியில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பக்கத்தில் போய்ப் பார்க்கக் கூடாது. செயின்ட் தாமஸில் முதல் மாதம் பார்க்க முடியாது. ஆனால் மாலை ஏழிலிருந்து எட்டு மணிக்குள், குழந்தை தூங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்! தூங்கும் குழந்தையை எட்ட நின்று பார்த்துவிட்டு அந்தத் தாய் எப்படி டிராமில் ஏறி வீட்டுக்குப் போயிருப்பாள் என்பதை வாசகர்களின் கற்பனைக்கு விடுகிறேன். குழந்தை படுத்தால் தாயும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிற நம் ஊரில் இந்தச் சட்டம் விளங்குவதே கடினம்.

இதைச் செய்தவர்கள் அரக்கர்கள் அல்லர். தொற்று நோய் வரும் என்ற பயம் ஒன்று இருந்தது. இன்னொரு காரணமும் இருந்தது, அதுதான் விசித்திரம். முதல் நாள் குழந்தை அழுகிறது. நாலாம் நாள் அடங்கிவிடுகிறது. தாய் வந்து போனால் மறுபடியும் அழுகிறது. ஆகவே தாய் வருவதுதான் அழுகைக்குக் காரணம். வராமல் இருந்தால் குழந்தைக்கு நல்லது. தர்க்கத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது, சொல்லுங்கள் பார்க்கலாம். வருஷக்கணக்காகக் குழந்தைகளோடு பழகிய நர்ஸுகளும் டாக்டர்களும் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள்.

ஓட்டையைக் கண்டுபிடித்தவர் டாக்டர் அல்ல. ஜேம்ஸ் ராபர்ட்ஸன், ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கத்துத் தொழிலாளிக் குடும்பத்துப் பிள்ளை. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு இரும்பாலைக்குப் போனவர். இரண்டாம் உலக யுத்தத்தில் துப்பாக்கி எடுக்க மறுத்தார். சிக்மண்ட் பிராய்டின் மகள் அன்னா பிராய்டு, யுத்தத்தில் குடும்பத்தைப் பிரிந்த குழந்தைகளுக்காக லண்டனில் நடத்திய விடுதியில் கொதிகலனுக்குக் கரி போட்டு, உடைந்ததைப் பழுது பார்க்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அவர் மனைவி ஜாய்ஸ் அங்கே குழந்தைகளைக் கவனித்துக்கொண்டாள். அந்த அம்மாள் விடுதியில் ஒரு விதி வைத்திருந்தார்: அங்கே வேலை செய்கிற யாராயிருந்தாலும், குழந்தைகளிடம் கண்டதைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். கரி போடுகிறவரும் எழுத வேண்டும். ராபர்ட்ஸன் எழுதினார். உலகத்துப் பல்கலைக் கழகங்களில் இதைவிட நல்ல வகுப்பு நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

1948-இல் டாவிஸ்டாக் மருத்துவ நிலையத்து டாக்டர் ஜான் போல்பி அவரைச் சேர்த்துக்கொண்டார். போல்பி பெரிய இடத்துப் பிள்ளை. தாயைத் தினம் ஒரு மணி நேரம் மட்டுமே பார்த்து, தாதியிடம் வளர்ந்து, அந்தத் தாதியும் அவருடைய நாலாவது வயதில் வேலையை விட்டுப் போகப் பார்த்தவர். தாயைப் பிரிந்த குழந்தைக்கு என்ன நேர்கிறது என்பதே அவருக்கு வாழ்நாள் முழுவதும் கேள்வி. அதற்கு விடை தேட ராபர்ட்ஸனை சென்ட்ரல் மிடில்ஸெக்ஸ் ஆஸ்பத்திரிக் குழந்தைகள் வார்டுக்கு அனுப்பினார்.

டாக்டர்கள் வார்டைச் சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள். நர்ஸுகள் ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்கு ஓடுவார்கள். ஒரே குழந்தையைக் காலையிலிருந்து மாலை வரை, நாள் கணக்கில் பார்க்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை. ராபர்ட்ஸனுக்கு அது ஒன்றுதான் வேலை. அவர் மூன்று படிகளைக் கண்டார். முதலில் குழந்தை எதிர்க்கிறது; கத்துகிறது, கட்டிலின் கம்பியை உலுக்குகிறது, கதவைப் பார்க்கிறது. பிறகு நம்பிக்கை இழக்கிறது, சத்தமில்லாமல் கிடக்கிறது. நர்ஸுகள் 'அடங்கிவிட்டது' என்று சொன்னது இதைத்தான். பிறகு ஒரு நாள் சிரிக்கிறது, சாப்பிடுகிறது, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. தாய் வந்தால் மட்டும் யாரோ வந்ததுபோல் இருக்கிறது. இந்த மூன்றாம் படிதான் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு மிகவும் திருப்தியான படி. குழந்தை குணமாகிவிட்டது என்று அவர்கள் நினைத்த இடத்தில், தாய் என்ற ஒருத்தியையே அது மனத்திலிருந்து அகற்றிக்கொண்டிருந்தது என்றார் ராபர்ட்ஸன்.

போல்பி பின்னால் எழுதிய பெரிய நூல்களுக்கெல்லாம் இதுவும் ஓர் அடிப்படை. தாயிடம் குழந்தை ஒட்டுவது பாலுக்காக அல்ல. பசியைப் போலவே அதுவும் தனியான ஒரு தேவை என்பது அவர் கொள்கை. நம் மொழியில் இதற்குப் 'பற்று' என்ற சொல் தயாராக இருக்கிறது. கையால் பிடிப்பதும் பற்றுதான், மனத்தால் பிடிப்பதும் பற்றுதான்.

ராபர்ட்ஸன் சொன்னதை டாக்டர்கள் ஏற்கவில்லை. கோபித்தார்கள். வார்த்தையால் இவர்களை அசைக்க முடியாது என்று கண்டு அவர் ஒரு சினிமாக் காமிராவை வாங்கினார். அதுவரை அவர் காமிரா பிடித்ததே இல்லை. ஆனால் படம் எடுத்தால் மட்டும் போதுமா? "அழுத குழந்தையாகப் பார்த்துப் பொறுக்கினாய், அழுத சமயமாகப் பார்த்து எடுத்தாய்" என்று சொல்லிவிடுவார்களே! கதை எழுதுகிற எங்களைப் போன்றவர்கள் தினமும் செய்வது அதைத்தானே? வேண்டாததை விட்டுவிட்டு வேண்டியதை எடுப்பதற்குக் கலை என்று பெயர். விஞ்ஞானத்தில் அதற்குப் பெயர் மோசடி.

இதற்குக் கண்ட வழி எளிமையானது. ஆஸ்பத்திரியில் சேரக் காத்திருந்தவர்களின் பட்டியலிலிருந்து, குறிப்பிட்ட வயதில், முன்பு தாயைப் பிரிந்திராத ஒரு குழந்தையைக் குலுக்கிப் போட்டதுபோல் எடுப்பது. தினமும் முன்கூட்டியே குறித்த நேரங்களில் மட்டும் படம் எடுப்பது. அந்த நேரத்தில் குழந்தை தூங்கினாலும் சரி, சிரித்தாலும் சரி. சுவர்க் கடிகாரம் படத்தில் தெரியும்படி பார்த்துக்கொள்வது. கடிகாரம் சாட்சி சொல்லும்.

சீட்டு லாரா என்ற குழந்தைக்கு விழுந்தது. வயது இரண்டு ஆண்டு ஐந்து மாதம். தொப்புளில் குடலிறக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை. எட்டு நாள் வாசம். அவள் வயதுக்கு மீறி அடக்கமான குழந்தையாக இருந்துவிட்டாள். அலறவில்லை, உருளவில்லை. ஏதோ பேசிக்கொண்டே இருக்கும்போது நடுவில், கேட்கக் கூடாததைக் கேட்பதுபோல், அம்மா எங்கே என்று மெல்லக் கேட்பாள். முகம் கோணும், உடனே சரி செய்துகொள்வாள். கரடிப் பொம்மையை இறுக்கிக்கொள்வாள். தாய் பார்க்க வந்தால் பாய்ந்து வராமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வேண்டுமென்று தேடிப் பொறுக்கியிருந்தால் இப்படி ஒரு குழந்தை கிடைத்திருக்காது. அழுகிற குழந்தையை 'அடம்' என்று தள்ளிவிடலாம். அழாமல் இருக்கப் பிரயாசைப்படுகிற குழந்தையை என்ன சொல்லித் தள்ளுவது?

1952 நவம்பரில் லண்டன் ராயல் மருத்துவச் சங்கத்தில் டாக்டர்களும் நர்ஸுகளுமாகச் சுமார் 300 பேர் முன்னிலையில் படம் காட்டப்பட்டது. கூட்டம் கொதித்தது. இது அபூர்வமான குழந்தை, எங்கள் வார்டில் இப்படி இல்லை, படத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றெல்லாம் பேசினார்கள். அந்த டாக்டர்களை நான் முழுக்கக் குற்றம் சொல்ல மாட்டேன். இருபது வருஷமாக நல்லது என்று நினைத்துச் செய்ததை ஒரு மாலைப் பொழுதில் கெடுதல் என்று ஒப்புக்கொள்ள யாரால் முடியும்? ஆனாலும் ஒருவரால் முடிந்தது. ஆமர்ஷம் ஆஸ்பத்திரி டாக்டர் டெர்மட் மக்கார்த்தியும் முதலில் கோபப்பட்டவர்தான். கோபத்தோடு தம் வார்டுக்குத் திரும்பியவர், அங்கே குழந்தைகள் அழுவதை அன்றுதான் முதல் முறையாக உண்மையில் காதால் கேட்டதாகப் பிற்பாடு சொன்னார். அவர் தாய்மார்களை உள்ளேயே தங்க வைத்தார். 1958-இல் ராபர்ட்ஸன் அந்த வார்டையும் படமெடுத்தார்.

1959-இல் ஸர் ஹாரி பிளாட் தலைமையில் அமைந்த அரசாங்கக் குழு, பெற்றோர் எந்த நேரமும் வரலாம், சிறு குழந்தையோடு தாய் தங்கலாம் என்று சிபாரிசு செய்தது. சிபாரிசு காகிதத்தில் இருந்தது. வார்டுக் கதவு பல இடங்களில் திறக்கவில்லை. 1961-இல் ராபர்ட்ஸன் பத்திரிகையில் எழுதி, டெலிவிஷனில் பேசினார். அதன்பின் தாய்மார்களே சங்கம் சேர்த்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்க் கேட்க ஆரம்பித்தார்கள். கதவுகளைத் திறந்ததில் பாதிப் பெருமை அவர்களுக்குத்தான்.

ஒரு நியாயமான கேள்வி மிச்சம் இருந்தது. லாராவுக்கு வலி இருந்தது, ஊசி இருந்தது, புது இடம் இருந்தது. துயரம் தாயில்லாததனால்தான் என்று எப்படித் தீர்மானிப்பது? ராபர்ட்ஸன் தம்பதி இதை ஒளிக்காமல் எடுத்துக்கொண்டார்கள். தாய் பிரசவத்துக்குப் போக, ஒன்பது நாள் விடுதியில் விடப்பட்ட ஜான் என்ற பதினேழு மாதக் குழந்தையை 1969-இல் வெளிவந்த படத்தில் காட்டினார்கள். நோய் இல்லை, வலி இல்லை, வேளைக்கு ஒரு நர்ஸ் மாறிக்கொண்டிருந்தாள், குழந்தை உடைந்துபோயிற்று. அதே போன்ற வயதில் நான்கு குழந்தைகளைத் தாய் இல்லாத நாட்களில் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, ஜாய்ஸே முழு நேரமும் கவனித்தாள். அவர்களும் வாடினார்கள், ஆனால் உடையவில்லை. பிரிவு என்றாலே துயரம் என்ற போல்பியோடு, இடையில் ஒருத்தி நிலையாக இருந்தால் அவ்வளவு இல்லை என்று சொல்லித் தம்பதி கருத்து வேற்றுமை கொண்டார்கள். எனக்கு இதில் மரியாதை உண்டு. தாம் பட்டினி கிடந்து வளர்த்த கொள்கையையே சோதித்துப் பார்ப்பவர்கள் சிலர்தான்.

லாரா வீடு திரும்பி ஆறு மாதம் ஆகியிருந்தது. அவள் பெற்றோருக்காக அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருந்தபோது எதிர்பாராமல் லாரா அறைக்குள் வந்துவிட்டாள். திரையில் தன்னைப் பார்த்தாள். முகம் சிவந்தது. தாயின் பக்கம் திரும்பி, அத்தனை நேரமும் நீ எங்கே போயிருந்தாய் என்று கோபமாகக் கேட்டாள். பிறகு, ஆஸ்பத்திரியில் எட்டு நாளும் அடக்கி வைத்திருந்தவள், வாய்விட்டு அழுதாள். தேற்றிக்கொள்வதற்கு அவள் தாயிடம் போகவில்லை, தகப்பனாரிடம் போனாள்.