ஒரு லிட்டரில் எத்தனை பேர்? திண்டிவனம்–விழுப்புரம் தடத்தில் எண்ணெய்ச் சிக்கனம்

இந்தியாவின் பெட்ரோலியப் பொருள் நுகர்வு 2000-01இல் சுமார் 10 கோடி டன். 2023-24இல் அது 23 கோடி டன்னைத் தாண்டியது; அதில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு டீசல். நாட்டின் பொருளாதார உற்பத்தி அதைவிட வேகமாக வளர்ந்ததால், ஒரு ரூபாய் உற்பத்திக்குச் செலவாகும் எண்ணெய் குறைந்திருக்கிறது. சிக்கனம் கூடிவிட்டது என்பதற்கு இதையே சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்குச் சுமையாவது மொத்த அளவுதான். எஞ்சின் சிக்கனமானால் நிலக்கரி நுகர்வு கூடத்தான் செய்யும் என்று பொருளியலாளர் ஜெவோன்ஸ் 1865இலேயே வாதிட்டார். ஆகவே வண்டியின் மைலேஜை வைத்துச் சிக்கனத்தை அளப்பதே பிழை என்பது என் வாதம்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சுமார் 38 கி.மீ. அரசுப் பேருந்து லிட்டருக்கு 5 கி.மீ. ஓடுவதாகக் கொண்டால் 7.6 லிட்டர் டீசல் ஆகும். 50 பேர் இருந்தால் ஆளுக்கு 152 மி.லி. லிட்டருக்கு 50 கி.மீ. தரும் பைக்கில் ஒருவர் தனியே போனால் 760 மி.லி. பெட்ரோல். 18 கி.மீ. தரும் காரில் இருவர் போனால் ஆளுக்கு ஒரு லிட்டருக்கும் மேல். டீசலில் லிட்டருக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஆற்றல் கூடுதல். அதைக் கணக்கில் சேர்த்தாலும் இந்த வரிசை மாறாது. மைலேஜில் பேருந்தைவிடப் பத்து மடங்கு மேலான பைக், ஆள்கணக்கில் ஐந்து மடங்கு எண்ணெய் குடிக்கிறது. பேருந்தில் பத்தே பேர் இருந்தால் இரண்டும் சமம். கூட்டம் அதற்கும் கீழே இறங்கினால், பைக்கோடு ஒப்பிடும் எண்ணெய்க் கணக்கில் பேருந்துக்காக வாதாட எதுவும் மிஞ்சாது.

ரயிலின் கதை வேறு. 1960களில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மீட்டர் கேஜ் பாதை மின்மயமானது. பிற்காலத்தில் தெற்கே போகும் ரயில்களுக்கு விழுப்புரத்தில் மின்சார எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினைக் கோப்பார்கள். அகலப்பாதை வந்து, திருச்சித் தடமும் மின்மயமானபின் அந்த வேலை ஓய்ந்தது. டீசல் எஞ்சினை எவ்வளவு செம்மைப்படுத்தியிருந்தாலும் டீசலே தேவைப்படாத இந்த மிச்சம் வந்திருக்காது. மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் பிறக்கிறது என்பதால், இது எண்ணெய்க் கணக்கில் மட்டுமே ஆதாயம்.

தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை. சமூகநலத் திட்டமாகவே பேசப்படும் இதை எண்ணெய்க் கொள்கையாகவும் மதிப்பிட வேண்டும். நடந்து போனவர் பேருந்தில் ஏறினால் எண்ணெய் மிச்சமில்லை. ஆனால் அவருக்கு வாழ்க்கை எளிதாகிறது, அது சிறிய பேறல்ல. ஸ்கூட்டியை வீட்டில் விட்டுவிட்டு ஏறினால் பெட்ரோல் முழுதும் மிச்சம். ஏற்கெனவே ஓடும் பேருந்துக்கு அவரால் கூடும் டீசல் அற்பம்.

பணிமனைகளில் பேருந்துகளின் கே.எம்.பி.எல். (லிட்டருக்கு எத்தனை கி.மீ.) கணக்கு இருக்கிறது; நடத்துநரின் டிக்கெட் மெஷினில் ஆள் எண்ணிக்கை இருக்கிறது. இரண்டையும் தடம்வாரியாக, நடைவாரியாகச் சேர்த்து, ஓர் ஆள் ஒரு கி.மீ. போக எத்தனை மி.லி. ஆகிறது என்று வெளியிட வேண்டும். எந்த நடை பத்துப் பேருக்குக் கீழே ஓடுகிறது, எந்த நடையில் படிக்கட்டு வரை நிற்கிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். கூடுதல் பேருந்தை எந்த நேரத்துக்கு விடுவது என்பதை அந்தக் கணக்கைக் கொண்டே முடிவு செய்யலாம்.