இரு சாஸ்திரியார்களும் ஒரு சட்டமும்

முதல் உலகப் போர்க்காலத்தில் வங்காளத்திலும் பஞ்சாபிலும் நிகழ்ந்த குண்டுவீச்சுகளும் கொலைகளும் ஆங்கில அரசை அச்சுறுத்தின. புரட்சியாளரை ஒடுக்கும் வழிகாண, 1917 டிசம்பரில் நீதிபதி சிட்னி ரௌலட் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. மூடிய கதவுகளுக்குள் சாட்சியம் கேட்ட அக்குழுவில் இந்தியர் இருவர் இடம்பெற்றனர். அவருள் ஒருவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி சி. வி. குமாரசாமி சாஸ்திரியார். 1918ஆம் ஆண்டு வெளிவந்த அறிக்கையில் அவரும் கையொப்பமிட்டிருந்தார்.

அவ்வறிக்கையின் வழிப் பிறந்ததே ரௌலட் சட்டம். ஐயத்திற்குரியவரை விசாரணையின்றிக் காவலில் வைக்கலாம். ஜூரிகள் இன்றியே மூன்று நீதிபதிகள் தீர்ப்பளிக்கலாம். அத்தீர்ப்பின்மேல் முறையீடு இல்லை. போர்க்காலத்தில் இத்தகைய அதிகாரங்களைப் பொறுத்திருந்த மக்கள், போர் ஓய்ந்த பின்னரும் அவை தொடர்வதைப் பொறுக்கவில்லை.

1919 பிப்ரவரி 7ஆம் நாள் மத்திய சட்டசபையில் வலங்கைமான் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் இம்மசோதாவை எதிர்த்துப் பேசினார். தீய சட்டம் தீயவரை மட்டுமே தேடிச் செல்வதில்லை; குற்றமற்றவரும் அதன் நிழலில் அஞ்சி ஒடுங்குவர் என்பது அவர் வாதத்தின் சாரம். ஆயினும் அரசுத்தரப்புப் பெரும்பான்மையால் மார்ச்சு மாதம் மசோதா நிறைவேறியது. சட்டத்தை எதிர்த்த அவரே சத்தியாக்கிரகத்தை ஏற்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

மக்களோ வேறு வழி கண்டனர். சென்னையில் இராஜாஜியின் இல்லத்தில் தங்கியிருந்த காந்தியடிகளின் உள்ளத்தில் நாடுதழுவிய கடையடைப்பு என்னும் எண்ணம் உதித்தது. ஏப்ரல் 6ஆம் நாள் நாடெங்கும் கடைகள் அடைக்கப்பட்டன. ஏப்ரல் 13ஆம் நாள் ஜாலியன்வாலா பாக்கில் 379 பேர் மாண்டனர் என்பது அரசுக் கணக்கு. இத்தனை உயிர்களைக் காவுகொண்ட பின்னரும் அச்சட்டம் எவர்மீதும் பயன்படுத்தப்படாமலே 1922இல் நீக்கப்பட்டது.

விடுதலை பெற்ற நாட்டில், 1984ஆம் ஆண்டுப் படுகொலைகளின் துயரம் ஆறுமுன்னரே, 1985இல் தடாச் சட்டம் பிறந்தது. காவல்துறை அதிகாரி முன் அளிக்கும் வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கும் விதி 1987இல் அதனோடு சேர்ந்தது. 1919இல் எழுந்ததுபோன்ற நாடுதழுவிய எதிர்ப்பு அப்போது எழவில்லை. உரிமைக் குரல்கள் மெல்ல வலுப்பெற்று, 1995 மே மாதம் அது காலாவதியாவதற்குப் பத்தாண்டுகள் கடந்தன.

1919இல் அச்சம் ஆள்வோருடையதாக இருந்தது. 1985இல் அது மக்களுடையதாகவும் ஆயிற்று. அச்சத்திற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஆயின் சீனிவாச சாஸ்திரியார் அன்று சபையில் எழுப்பிய வினாவை, ஆள்வோர் அயலாராயினும் நம்மவராயினும், ஒவ்வொரு தலைமுறையும் எழுப்பியே ஆகவேண்டும்.