கொசுவின் வயிற்றில் ஓர் உண்மை

'மலேரியா' என்னும் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்பது பொருள். சதுப்பு நிலத்து நச்சுக்காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று உரோமை மக்கள் பல நூற்றாண்டுகள் நம்பினர். 17-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையினர் பெரு நாட்டிலிருந்து சின்கோனாப் பட்டையைக் கொணர்ந்தனர். கர்தினால் தெ லூகோ அதனை உரோமையின் ஏழைகளுக்கு வழங்கினார். மருந்து கிடைத்தும் காரணம் மறைந்தே இருந்தது.

1880-இல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லாவரான், காய்ச்சலுற்ற போர்வீரன் ஒருவனின் இரத்தத்தில் அசையும் ஒட்டுண்ணியைக் கண்டார். அது மனிதனுள் புகும் வழி யாது? அல்மோராவில் பிறந்த ரொனால்டு ராஸ் அதனைத் தேடினார். 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில், நோயாளி உசேன்கானின் இரத்தத்தைக் குடித்த கொசுவின் வயிற்றுச் சுவரில் அவ்வொட்டுண்ணி வளர்வதைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில், பறவைகளைக் கொண்டு, கொசுக்கடியே நோயைப் பரப்புகிறது என மெய்ப்பித்தார். அதே 1898-இல் இத்தாலியில் கிராஸியும் தோழர்களும், மனிதரிடையே அனாஃபிலிஸ் கொசு வழியாக அது பரவுவதைக் காட்டினர்.

1902-இல் நோபல் பரிசு ராஸுக்குக் கிடைத்தது. முதன்மை யாருக்கு என்று அவரும் கிராஸியும் நெடுங்காலம் பூசலிட்டனர். உசேன்கானுக்குக் கிடைத்ததோ, கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா. காய்ச்சலுற்ற அம்மனிதர் தம் உடலைக் கொசுக்களுக்கு ஈந்திராவிடில் அன்று அவ்வுண்மை வெளிப்பட்டிருக்குமா?

2023-இல்கூட மலேரியா ஏறத்தாழ 6 இலட்சம் உயிர்களைப் பறித்தது. அவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். கொசுவலையும் மருந்தும் எட்டாத இல்லங்கள் இன்னும் உள்ளன. அவற்றை எட்டச் செய்வதே உசேன்கானுக்கு நாம் பட்டிருக்கும் கடன்.