விசாரணை அறையில் லேனா விலக்கு

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் வழியில் லேனா விலக்கு என்று ஒரு நிறுத்தம் வரும். நம்ம பக்கம் ‘விலக்கு’ன்னா பெரிய சாலையிலிருந்து கிளைச்சாலை பிரியும் இடம். ‘விளக்கு’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர்களுக்கு ‘ல’வா ‘ள’வா என்பது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமில் வளர்ந்த ஒருவர் கனடாவில் அகதி விசாரணைக்கு உட்காரும்போது அது பொருட்டாகிவிடலாம். ஒரு தாளில் ஒரு எழுத்து, இன்னொரு தாளில் இன்னொரு எழுத்து. “இரண்டும் ஒரே ஊர்தானா?” என்று கேட்பார்கள்.

மாவட்டத்தில் இப்படி மூன்று முகாம்கள்: லேனா விலக்கு, அறந்தாங்கிக்குப் பக்கத்தில் அழியாநிலை, ஆலங்குடிப் பக்கம் தோப்புக்கொல்லை. 1983 ஜூலைக்குப் பிறகு அலையலையாகப் படகேறி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில்தான் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது.

ஆதாரம் காட்டு என்று அதிகாரி கேட்பது இங்கே புதிய கதை இல்லை. புதுக்கோட்டை, திருச்சி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் இந்தப் படகுகளில் வந்தார்கள். அந்தத் தாத்தாக்களை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ஒரே கையெழுத்தில் நாடற்றவர்களாக்கியது. மறுவருடம் ‘இந்திய, பாகிஸ்தானிய வதிவோர்’ சட்டம் வந்தது. விண்ணப்பிக்கலாம், ஆனால் 1946 ஜனவரிக்கு முன்னால் தொடர்ந்து குடியிருந்ததைக் காட்ட வேண்டும். கல்யாணமானவருக்கு 7 வருடம், ஆகாதவருக்கு 10 வருடம். நடுவில் ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் ஊருக்குப் போயிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு வந்து, வந்த இடத்தில் ஒன்றரை வருடம் தங்கிவிட்டவரை யோசித்துப் பாருங்கள். தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவர் எந்தத் தேதியில் கப்பலேறினோம் என்று நாட்குறிப்பா எழுதி வைத்திருப்பார்?

முதலில் புறக்கணிப்பு என்று சொன்ன இலங்கை இந்திய காங்கிரஸ், கடைசி நேரத்தில் மனம் மாறி விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க இறங்கியது. 1951 ஆகஸ்டுக்குள் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள், 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களுக்காக. கடைசியில் குடியுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. மிச்சப் பேரை 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் பங்கு பிரித்துக்கொண்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் ‘பிறகு பார்க்கலாம்’ கணக்கில். அந்த மனிதர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்தியாவில் நிலைமை வேறு மாதிரி. 1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை, தனி அகதிச் சட்டமும் இல்லை. ஈழத்தமிழர் பதிவு செய்யப்பட்டார், அடையாள அட்டை வாங்கினார், உதவித்தொகை வாங்கினார், கியூ பிரிவுக் காவலரிடம் தலை எண்ணக் கொடுத்தார். சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். ‘ஏன் ஓடி வந்தீர்கள்?’ என்று உட்கார வைத்துக் கேட்டுத் தீர்ப்பெழுதும் அறை ஒன்று அவருக்குக் கிடையாது.

அதன் விளைவு 1992இல் தெரிந்தது. ராஜீவ் கொலைக்குப் பிறகு, ‘விருப்பத்தின் பேரில்’ திருப்பி அனுப்பும் வேலை தொடங்கியது. சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. படிக்கத் தெரியாத மொழியில் சம்மதமாம்! பழ. நெடுமாறனும் மருத்துவர் ராமதாசும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் அது கேள்விக்குள்ளானது. அந்த வருடமே ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்தது. முகாம்வாசிகள் தங்கள் தரப்பிலும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள்: செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று என்று தாள்களைச் சேர்த்து வைக்கும் பழக்கத்தை முகாம்களில் வளர்த்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வெளிநாட்டு விசாரணைகளில் அந்தத் தாள்களின் அருமை தெரியும்.

அந்த விசாரணை அறையே ஒரு வழக்கில் பிறந்ததுதான். கனடாவில் 1985க்கு முன்னால், குடிவரவு அதிகாரி ஒருவர் கேள்வி கேட்டுப் பதிவு செய்வார். தீர்மானிக்கிறவர்கள் அந்தப் பதிவைப் படிப்பார்களே ஒழிய ஆளைப் பார்க்க மாட்டார்கள். பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்கள் சிலர் தொடுத்த சிங் வழக்கில், 1985 ஏப்ரல் 4 அன்று கனடா உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. ஒருவர் சொல்வதை நம்பலாமா என்பதே கேள்வி என்றால், அவரை நேரில் கேட்டாக வேண்டும். 1989 ஜனவரியில் அதற்கென்றே குடிவரவு, அகதி வாரியம் வந்தது.

நடுவில் 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். இந்தியாவிலிருந்து நேராக வந்தோம் என்றார்கள். பிறகு, கப்பலேறியது மேற்கு ஜெர்மனியில் என்று தெரிந்தது. அவர்கள் ஓடி வந்த காரணம் உண்மை, வழி மட்டும் பொய். ‘இப்படித்தான் சொல்லணும்’ என்று ஏஜென்ட் கட்டிக்கொடுக்கும் கதை, ஒருவருக்குச் சொந்தமாக இருக்கிற உண்மையையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடும். நல்ல வக்கீல் முதலில் கழற்றி வைக்கச் சொல்வது அந்தக் கதையைத்தான்.

அப்புறம் வக்கீலுக்கு என்ன வேலை? பேசச் சொல்லிக்கொடுப்பதுன்னு நினைப்போம். பெரும்பாலும் அது காலவரிசை போடும் வேலை. நம்ம ஆட்கள் ‘நல்லூர்த் திருவிழா முடிஞ்ச கையோட’, ‘சின்னவன் வயித்தில இருக்கேக்க’ என்றுதான் சொல்வார்கள். அதை மாதம், வருடமாக மாற்ற வேண்டும். தெரியாத தேதியைத் தெரியாது என்று எழுதவும் வேண்டும். உத்தேசமாகப் போட்ட தேதி பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

உறவுச்சொல் இன்னொரு கண்ணி. பெரியப்பா மகனும் அண்ணன்தான் நமக்கு. ‘அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்’ என்று சொல்ல, மொழிபெயர்ப்பாளர் உடன்பிறந்தவர் என்று ஆக்க, படிவத்திலோ உடன்பிறந்தார் பட்டியலில் அக்கா மட்டும் இருக்க, முடிந்தது கதை. ‘காம்ப்’ என்றால் ஆமி காம்பா, அழியாநிலை காம்பா? யாழ்ப்பாணத்தில் ‘கதைச்சன்’ என்றால் பேசினேன். தமிழ்நாட்டுக் காதுக்கு அது கதை விட்ட மாதிரி கேட்கும். படிவத்தில் எழுதியதை விண்ணப்பதாரரின் மொழியிலேயே முழுக்க வாசித்துக் காட்டச் சொல்வது வெறும் சம்பிரதாயம் இல்லை.

திருத்தம் இருந்தால் விசாரணைக்குக் குறைந்தது 10 நாளுக்கு முன் கொடுக்க வேண்டும், ஆவணங்களும் அப்படியே. அறையில் சினிமாக் கோர்ட் மாதிரி நம்ம வக்கீல் முதலில் எழுந்து பேசுவார் என்று எதிர்பார்த்துப் போகிறவர் திகைத்துப் போவார். பெரும்பாலும் முடிவெடுக்கும் உறுப்பினரே முதலில் கேள்வி கேட்பார். இந்த முறை நியாயமா என்று ஒரு இலங்கைத் தமிழரே வழக்குப் போட்டார். 2006இல் கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முறை செல்லும் என்றுவிட்டது. ஆகவே முதல் கேள்வியே அந்நியரிடமிருந்து வரும் என்பதற்கும் பழகிக்கொண்டு போக வேண்டும்.

முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022 ஆகஸ்டில் மதுரைக் கிளை உத்தரவிட்டது இந்தக் கணக்கில்தான். அதே கிளை 2019 ஜூனில், மலையகப் பூர்வீகமுள்ள 65 முகாம்வாசிகளின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பெற்று முடிவெடுக்கச் சொல்லியிருந்தது. மதுரையில் அந்தப் பிறப்புச் சான்று பொக்கிஷம்.

அதே தாளை டொரண்டோவில் நீட்டிப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் குடியுரிமை உள்ளவர் ஒவ்வொரு நாட்டிலும் தனக்கு ஆபத்து என்று காட்ட வேண்டும் என்கிறது 1951 ஒப்பந்தம். “நீங்கள் இந்தியர் ஆயிற்றே, இந்தியாவில் உங்களுக்கு என்ன பயம்?” என்று உறுப்பினர் கேட்கலாம். முப்பது வருடம் இந்தியாவால் வெளிநாட்டவர் என்று எண்ணப்பட்டவரிடம் இப்படிக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? அந்தக் கேள்வி வரும் என்று முன்கூட்டியே தெரிந்த வக்கீல், முகாம் அட்டை, உதவித்தொகைப் பதிவு, பாஸ்போர்ட் மறுத்த கடிதம் ஏதும் இருந்தால் அது என்று ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்து, எண் போட்டு, அந்தப் பத்து நாள் கெடுவுக்குள் கொடுத்திருப்பார். லேனா விலக்கு, லேனா விளக்கு இரண்டும் ஒரே ஊர்தான் என்ற குறிப்போடு.