கொள்ளுத் தாத்தாவின் போலீஸ் உத்தியோகம்

டப்ளினில் வேலை பார்க்கும் என் இளைய மகன், போன பொங்கலுக்குக் கரியாலூர் வந்தபோது ஒரு காகித நகலைக் கொண்டுவந்து காட்டினான். அவனோடு வேலை செய்யும் ஓர் ஐரிஷ்காரரின் முன்னோரைப் பற்றியது. பழைய பதிவேடு ஒன்றின் ஒரே ஒரு வரி. ஆனால் அந்த வரிக்குள் ஒரு மனுஷனின் ஜாதகமே இருந்தது. அவருக்குக் கொடுத்த நம்பர், சேர்ந்தபோது வயசு, உயரம், மதம், சொந்த மாவட்டம், அதற்கு முன் பார்த்த தொழில், சிபாரிசு செய்தவர், கல்யாணத் தேதி, மனைவியின் மாவட்டம், எந்தெந்த ஊரில் வேலை, என்ன வெகுமதி, என்ன தண்டனை, எப்போது பென்ஷன்.

"நம்ம வீட்லயும் ஒரு போலீஸ் தாத்தா இருந்தாரில்லப்பா? அவரையும் தேடிப் பாரேன்" என்றான்.

பையன் சும்மா சொல்லிவிட்டுப் போய்விட்டான். எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

அந்த ஐரிஷ் போலீஸுக்கும் நமக்கும் என்ன என்று கேட்பீர்கள். இருக்கிறது. அயர்லாந்தின் பெரும்பகுதிக்கும் ஒரே போலீஸ் படை என்று 1836-ல் ஏற்படுத்தினார்கள். கரும்பச்சை உடுப்பு, கையில் துப்பாக்கி, குடியிருப்பு பாரக்ஸில். சொந்த மாவட்டத்தில் வேலை கிடையாது. பெண் எடுத்த மாவட்டத்திலும் கிடையாது. மாமனாரைக் கைது செய்ய வேண்டிய சங்கடம் வரக்கூடாது பாருங்கள்! படையில் பெரும்பாலோர் குடியானவன் வீட்டுப் பிள்ளைகள். பஞ்ச காலத்தில் குத்தகை கட்ட முடியாத குடியானவனை வீட்டைவிட்டு வெளியேற்றும்போது, பக்கத்தில் காவல் நிற்க வேண்டியவர்களும் அவர்களே. 1867-ல் பீனியன் கலகத்தை அடக்கியதற்காக 'ராயல்' பட்டம் கிடைத்தது. 1922-ல் படையைக் கலைத்துவிட்டார்கள். 1816 முதல் 1922 வரை சேர்ந்த 80,000-க்கு மேற்பட்டவர்களின் வரிகள் இன்றைக்கும் லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதே 1922-ல் உள்நாட்டுச் சண்டையில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து, பழைய குடிக்கணக்கு ஏடுகள் பெரும்பாலும் சாம்பலாயின. போலீஸ் ஏடு லண்டனில் இருந்ததால் பிழைத்தது.

வெள்ளைக்காரன் அந்த மாதிரியைத்தான் இங்கே கொண்டுவந்தான். 1843-ல் சிந்துவைப் பிடித்த நேப்பியர் அங்கே முதலில் செய்தார். நம் சென்னை மாகாணத்தில் அதற்கு ஒரு வெட்கக்கேடான காரணம் இருந்தது. 1816 சட்டப்படி தாசில்தார்தான் தாலுகாவின் போலீஸ் தலைவர். வரி வசூலிக்கிற சேவகனே திருடனையும் பிடிப்பான். வரி கட்டாதவனுக்கும் திருடனுக்கும் ஒரே மருந்து: விரலைக் கிட்டியில் வைத்து நெரிப்பது, அண்ணுந்தாள் போட்டு வெயிலில் குனிய வைப்பது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் விசாரித்து 1855-ல் அறிக்கை கொடுத்தார்கள். சீமையில் பெரிய பேச்சாகிவிட்டது. அப்புறம்தான் ரெவின்யூவிலிருந்து போலீஸைப் பிரித்து 1859-ம் வருஷத்து 24-ம் சட்டம் வந்தது. வில்லியம் ராபின்சன் என்பவர் அதன் முதல் தலைவர். முன்மாதிரி, ஐரிஷ் கான்ஸ்டாபுலரி. ஹெட் கான்ஸ்டபிள் என்ற பதவிப் பெயர் அங்கேயும் உண்டு. நம் ஜனங்கள் வாயில் ஹெட்டு ஏட்டாகி, மரியாதை சேர்ந்து ஏட்டையா ஆகிவிட்டார் என்பது என் எண்ணம்.

என் கொள்ளுத் தாத்தா அந்தப் புதுப் போலீஸில் சேர்ந்த பையன்களில் ஒருவர். கள்ளக்குறிச்சியில் வேலை. அன்றைக்குக் கல்வராயன் மலை ஜாகிர்தார்களின் கையில். சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகிர். 1976-ல்தான் அரசாங்கம் முழுசாக எடுத்துக்கொண்டது. கீழ்நாட்டுப் போலீஸ்காரனுக்கு மலை என்றால் காய்ச்சல் பயம், வழி தெரியாத பயம், மலையாளிக் குடிகள் வாய் திறக்கமாட்டார்கள் என்கிற பயம்.

எங்கள் வீட்டில் சொல்லும் கதை இது. ஓர் ஆளைப் பிடித்து வர அவரை மலைக்கு அனுப்பினார்கள். ஆள் இல்லாமல் காய்ச்சலோடு இறங்கி வந்தார். பிறகு உத்தியோகமே வேண்டாம் என்று நிலத்தைப் பார்க்கப் போய்விட்டார். பங்காளி வீட்டுக் கதை வேறு. காசு வாங்கிக்கொண்டு ஆளை விட்டுவிட்டார், சர்க்கார் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது.

எனக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும். புதுச்சேரியில் அம்மாவின் தாய்வீட்டில் இருந்து பிரெஞ்சுப் பள்ளியில் படித்தேன். லீவுக்கு அப்பாவின் ஊருக்கு வந்திருந்தேன். வரப்புத் தகராறு. பங்காளி ஒருவர் எல்லோர் முன்னிலும், "கைதியை வித்துத் தின்ன வூடுதானே" என்றார். அதுவரை சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த அப்பா வாயை மூடிக்கொண்டார். ஒன்றரை முழ வரப்பு போயிற்று. அதைவிட, அப்பா வீட்டுக்கு நடந்து வந்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

சரி, தேடினேன். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மூன்று நாள் உட்கார்ந்தேன். நான் பார்த்த காகிதங்களில் சூப்பிரண்டெண்டு துரைகளுக்குப் பெயர் உண்டு. கான்ஸ்டபிள்களுக்கு எண்ணிக்கைதான்: இத்தனை பேர் சேர்ந்தார்கள், இத்தனை பேர் ஓடிப்போனார்கள், இத்தனை பேர் நீக்கப்பட்டார்கள். அந்த 'இத்தனை'யில் எது எங்கள் ஆள்?

அப்போதுதான் என் மனைவி கேட்டாள், "உங்க தாத்தா வில்லியனூர்ல பொறந்தவர்னு சொல்வீங்களே?"

மரமண்டை எனக்கு. தலைப்பிரசவத்துக்குக் கொள்ளுப் பாட்டி தாய்வீடு போயிருக்கிறாள். தாய்வீடு பிரெஞ்சு எல்லை. பிரெஞ்சுக்காரனுக்கு ஆயிரம் குறை சொல்லலாம். பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் எழுதாமல் விடமாட்டான். எழுதிய ஏட்டுக்கு ஒரு பிரதி பிரான்சுக்குப் போகும். எக்ஸ்-ஆன்-புரொவான்ஸ் என்ற ஊரில் அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஏத்தா சிவில் என்று பெயர். சிறு வயதில் கன்னியாஸ்திரியிடம் பிரம்படி வாங்கிக் கற்ற அந்தக் கோணல் கையெழுத்து பிரெஞ்சு, எழுபது வயசுக்கு மேல் உதவியது.

தாத்தாவின் பிறப்பு 1879-ல் பதிவாகியிருக்கிறது. தெரிவித்தவர், பெண்ணைப் பெற்றவர். தகப்பன் கான்ஸ்டபிள், இங்கிலீஷ் எல்லையில் கள்ளக்குறிச்சியில் வாசம், உத்தியோக நிமித்தம் வரவில்லை. ஆக, அன்றைக்கு வேலையில் இருந்திருக்கிறார்.

அடுத்த குழந்தை 1883-ல். இந்த முறை தகப்பனே வந்திருக்கிறார். தொழில், பயிர்த்தொழில். கீழே தமிழில் கையெழுத்து. புள்ளி இல்லாத பழைய எழுத்து, ஆனால் நிதானமாக, வரி கோணாமல். கைநாட்டு ஆசாமி என்றுதான் இத்தனை காலமும் கேள்விப்பட்டிருந்தேன். சாட்சிகள் இரண்டு பேரில் ஒருவருடைய தொழில்: கான்ஸ்டபிள், கள்ளக்குறிச்சி.

கைதியை விற்று வேலை போனவன் வீட்டுப் பிள்ளைப் பதிவுக்கு, வேலையில் இருக்கிற போலீஸ்காரன் எல்லை தாண்டி வந்து கையெழுத்துப் போடுவானா? போடலாம். சிநேகிதம் அப்படியும் செய்யும். கோர்ட்டில் இது நிற்காது. காரணம் எழுதியிருக்கக்கூடிய காகிதம் ஒன்றே ஒன்று, அவருடைய சர்வீஸ் காகிதம்.

இங்கே நான் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் ஆபீஸ் வழக்கம் பழைய குமாஸ்தாக்களுக்குத் தெரியும். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம், டி.டிஸ். பத்து வருஷம், கே.டிஸ். மூன்று, எல்.டிஸ். ஒன்று. ஒரு கீழ்நிலைச் சிப்பந்தியின் காகிதத்துக்கு நிரந்தர முத்திரை குத்த யாருக்கும் தோன்றாது. நான் ரெக்கார்டு கிளார்க்காக இருந்த காலத்தில், ஓர் ஆபீசில் ஓர் அறை நிறைய பழங்கட்டுகளைக் கழிக்கச் சொன்னார்கள். பட்டியல் போட்டு, சிவப்பு மையில் டிக் அடித்து, கையெழுத்துப் போட்டவன் நான்தான். பழைய போலீஸ் சம்பளப் பட்டிகள் ஒரு கட்டு இருந்தன. காகிதம் கெட்டியாக, துணி மாதிரி இருக்கிறதே என்று இரண்டு தாளைத் தடவிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. ஒரு பெயரைக்கூடப் படிக்கவில்லை. அவர் அதில் இருந்தார் என்று சொல்ல முடியாது. யாரோ இருந்தார்கள். பின்கட்டில் எரித்தோம், மத்தியானம்வரை புகைந்தது. விதிப்படிதான் செய்தேன்.

மாசியில் ஒரு காதுகுத்துக்கு அந்தப் பங்காளி வீட்டுப் பேரன் வந்திருந்தார். வரப்பை வாங்கியவரின் பேரன். எனக்கு மகன் முறை. இரண்டு நகலையும் காட்டினேன். "இது என்ன பாஷை பெரியப்பா, படிங்க" என்றார். பிரெஞ்சில் படித்து, தமிழில் சொன்னேன். கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார். நல்லதோ கெட்டதோ எதுவும் சொல்லவில்லை. போகும்போது மட்டும், "எனக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்க, நமக்கும் அவர் தாத்தா முறைதானே" என்றார். மறுநாள் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன்.