மேக்னஸ்: பட்டம் பெயரான கதை

சதுரங்கம் பார்ப்பவரா நீங்கள்? அப்படியென்றால் மேக்னஸ் கார்ல்சனைத் தெரியாமல் இருக்காது.

ஆனால் அவருடைய சொந்த ஊரான நார்வேயில் அந்தப் பெயரை "மங்னுஸ்" என்றுதான் சொல்வார்கள். "மேக்னஸ்" ஆங்கிலேயர் உச்சரிப்பு.

உச்சரிப்பு இருக்கட்டும். பெயர் வந்த கதை இன்னும் சுவாரஸ்யம்.

முதலில் அது பெயரே இல்லை!

"மேக்னஸ்" ஒரு லத்தீன் சொல். "மாபெரும்" என்று பொருள். நாம் பேச்சில் சாதாரணமாகச் சொல்லும் "மகா" இருக்கிறதே, அது சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. அதற்கும் இதற்கும் ஒரே வேர்.

மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட பேரரசர் சார்லமேன் 814இல் மறைந்தார். லத்தீனில் அவர் "கரோலஸ் மேக்னஸ்", அதாவது மகா கார்ல். வடக்கே இருந்தவர்கள் பெயரையும் பட்டத்தையும் ஒன்றாக்கி "கார்லாமங்னுஸ்" என்றார்கள்.

அந்தப் பட்டம் மட்டும் எப்படித் தனிப்பெயர் ஆனது?

ராத்திரியில் எடுத்த முடிவு

13ஆம் நூற்றாண்டு ஐஸ்லந்து வரலாற்றாசிரியர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் சொல்லும் கதை இது.

சுமார் 1024ஆம் ஆண்டு. நார்வே மன்னர் ஒலாவின் மாளிகையில் வேலை செய்த ஆல்ஃப்ஹில்ட் ஓர் இரவு மன்னரின் பிள்ளையைப் பெற்றெடுத்தார். குழந்தை பிழைக்குமா என்பதே சந்தேகம். ஞானஸ்நானம் பெறாமல் இறந்துவிட்டால்? அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய பயம் இல்லை.

மன்னரோ தூங்குகிறார். அவரை எழுப்பினால் கோபம் பொல்லாதது. அரசவைக் கவிஞர் சிக்வாட் துணிந்து பாதிரியாரை ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்னார். பெயரையும் அவரே வைத்தார்: மங்னுஸ்.

காலையில் மன்னர் கொதித்துப்போனார். நம் வம்சத்தில் இல்லாத பெயரை ஏன் வைத்தாய் என்று கேட்டார். உலகிலேயே சிறந்த மனிதர் என்று தாம் அறிந்த கார்லாமங்னுஸின் பெயரை வைத்ததாகச் சொன்னார் சிக்வாட். மன்னரின் கோபம் அடங்கியது.

பிழைக்காது என்று நினைத்த அந்தக் குழந்தை 1035இல், சுமார் 11 வயதில், நார்வேயின் அரியணை ஏறியது. 1042இலிருந்து டென்மார்க்கும் அவர் கையில்.

கதை இத்தோடு முடியவில்லை. ஒலாவ் 1030இல் ஸ்டிக்லஸ்டாட் போரில் சொந்த நாட்டவரால் கொல்லப்பட்டிருந்தார். இளம் மன்னர் பழிவாங்கத் தொடங்கினார். மக்கள் கிளர்ச்சிக்குத் தயார். அவரிடம் உண்மையை யார் சொல்வது? நண்பர்கள் சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். விழுந்தது அதே சிக்வாட்டின் பெயர்!

அவர் கவிதையிலேயே கண்டித்தார். மன்னரும் கேட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் அவருக்கு "நல்ல மங்னுஸ்" என்ற பெயர் நிலைத்தது. என்னைக் கேட்டால் அந்தப் பெயரில் பாதி சிக்வாட்டுக்குச் சேர வேண்டும்.

அப்புறம்?

நார்வேயில் அடுத்தடுத்து மங்னுஸ் மன்னர்கள் வந்தார்கள். "வெறுங்கால்" மங்னுஸ் 1103இல் அயர்லந்தில் மடிந்தார். "சட்டம் திருத்திய" மங்னுஸ் 1274இல் நாடு முழுமைக்கும் ஒரே சட்டத்தைக் கொண்டுவந்தார். ஸ்காட்லந்தின் ஆர்க்னித் தீவுகளில் புனித மங்னுஸ் பெயரில் 1137இல் கட்டத் தொடங்கிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. அயர்லந்தின் "மெக்மேனஸ்" என்ற குடும்பப் பெயரும் இதிலிருந்து வந்ததுதான்.

ஐஸ்லந்தில் மங்னுஸின் மகன் "மங்னுசன்", மகள் "மங்னுஸ்தோத்திர்". நம்மூர்த் தமிழர்கள் அப்பா பெயரைச் சேர்த்து எழுதுவதுபோலத்தான்.

சரி, கார்ல்சனுக்கு வருவோம். 1990இல் பிறந்தவர். 2013இல் விஸ்வநாதன் ஆனந்தை அவருடைய சொந்த ஊரான சென்னையிலேயே வென்று உலக வெற்றியாளர் ஆனார். 10 ஆண்டுகள் அந்தப் பட்டம் அவரிடம் இருந்தது. 2023இல் தற்காக்க விருப்பமில்லை என்று அவரே விட்டுக்கொடுத்தார். மறு ஆண்டு அதே பட்டத்தைச் சிங்கப்பூரில் வென்றவர் சென்னையின் குகேஷ்.

"கார்ல்சன்" என்றால் கார்லின் மகன். ஆனால் அவருடைய அப்பா பெயர் ஹென்ரிக்! நார்வேயில் இப்போது அது தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர், அவ்வளவுதான். இன்னொன்றைக் கவனித்தீர்களா? மேக்னஸ், கார்ல்... பேரரசர் கரோலஸ் மேக்னஸின் இரண்டு சொற்களும் அவர் பெயரில் இருக்கின்றன, வரிசை மட்டும் மாறி.